முடிந்தது என்று யார் குறிப்பது?

2017 நவம்பர் 30 காலை குமரிமுனைக் கடலில் ஒக்கி புயலாக உருவெடுத்தபோது, குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதியின் ஆழ்கடல் படகுகள் கரையை விட்டுப் பல நாட்கள் ஆகியிருந்தன. முந்தின நாள் வள்ளம் இறக்கியவர்களில் பலருக்கும் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அடுத்து வந்த நாட்களில் இனயம் தொடங்கி நீரோடி வரைக்கும் கடற்கரை ஊர்கள் ஓயாமல் செய்த ஒரு வேலை, பட்டியல் எழுதுவது. யார் போனார்கள், எந்தப் படகில் போனார்கள், யார் திரும்பினார்கள், யாரிடமிருந்து போன் வந்தது என்று பங்குக் கோயிலில் ஒரு பட்டியல் இருந்தது. மீன்வளத் துறையிடம் ஒன்று, கேரள அரசிடம் ஒன்று, தன்னார்வலர்களிடம் வேறொன்று. இந்தப் பட்டியல்களின் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

அதிகாரிகளின் அலட்சியம் என்று மட்டும் சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. டிசம்பர் தொடக்கத்தில் மகாராஷ்டிர முதல்வர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: சிந்துதுர்க் கரையில் 68 படகுகளில் 952 மீனவர்கள் பத்திரமாக ஒதுங்கியிருக்கிறார்கள், 66 கேரளப் படகுகள், 2 தமிழ்நாட்டுப் படகுகள். இந்தக் கணக்கு படகின் பதிவெண்ணைப் பற்றியது. கொச்சியைத் தங்குதளமாகக் கொண்டு தொழில் செய்யும் தூத்தூர்க்காரர்களின் படகு கேரளப் பதிவெண்ணோடு ஓடுவது சாதாரணம். அதில் ஏறுகிறவர்கள் நான்கைந்து ஊர்க்காரர்களாக இருப்பார்கள். சிந்துதுர்க்கில் மலையாளி என்று எண்ணப்பட்ட ஒருவருக்காக இங்கே ஒரு குடும்பம் கோயில் முற்றத்தில் காத்திருந்திருக்கலாம். பெயர்களோ இன்னும் சிக்கல். ஒரே தெருவில் மூன்று அந்தோணி இருப்பார்கள். ஒருவருக்கே ஞானஸ்நானப் பெயர், வீட்டுப் பெயர், ஆதார் பெயர் என்று மூன்றிருக்கும். தமிழில் எழுதியது மலையாளத்துக்குப் போய் ஆங்கிலம் வழியாகத் திரும்பி வரும்போது அது வேறு ஆளின் பெயராகியிருக்கும். ஒருவர் இருவராவதும் இருவர் ஒருவராவதும் இப்படித்தான்.

அந்தப் பட்டியல் வேலையை நிவாரணப் பணி என்கிறோம். அதை ஆய்வு என்றும் சொல்லலாம். பலர் தனித்தனியாகப் பார்த்ததைச் சேர்க்க வேண்டும். முரண்பட்டதை ஒப்பிட வேண்டும். ஒன்றையே இரண்டு தடவை எண்ணாமல் இருக்க வேண்டும். கடைசியில் யாராவது ஒருவர் 'இது உறுதி' என்று சொல்ல வேண்டும். பல்கலைக்கழகங்கள் இணையவழிக் கூட்டாய்வு என்றும் கூட்டுக் கற்றல் என்றும் அழைக்கும் வேலையின் எலும்புக்கூடு இதுதான். அதற்கென்று எழுதப்பட்ட மென்பொருள்கள் ஏராளம். கோப்பைப் பகிர்வதும் அரட்டை அடிப்பதும் அவற்றில் சின்ன விஷயங்கள். ஒரு தகவல் எந்த நிலையில் இருக்கிறது, அதை அடுத்த நிலைக்கு நகர்த்தும் உரிமை யாருக்கு என்று அந்த மென்பொருள் எழுதி வைத்திருக்கும் விதிதான் அதன் உயிர். அந்த விதியைப் பெரும்பாலும் நிரல் எழுதுகிறவர்கள் முடிவு செய்கிறார்கள், அதுவும் கடலைப் பார்க்காத ஊர்களில் இருந்துகொண்டு. இந்தக் கட்டுரையின் வாதம் அதைப் பற்றியது.

பேரிடரில் ஆளைத் தேடும் மென்பொருளின் வரலாறு நமக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்களைச் சிதைத்த அதே நாளில் இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோரைக் கொண்டுபோனது. கொழும்பில் லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த நிரலாளர்கள் சில நாட்களுக்குள் சகானா என்ற கட்டற்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். காணாமல் போனவர் பதிவேடு, முகாம் பதிவேடு, எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது என்ற பதிவேடு, என்ன தேவை என்ற பதிவேடு என்று பகுதி பகுதியாக அது வளர்ந்தது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் மறு ஆண்டு பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்காகத் தரும் 2006ஆம் ஆண்டு விருதும் அதற்குக் கிடைத்தது. குமரிக்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்த கருவி அது.

அமெரிக்காவில் 2005 கத்ரீனா சூறாவளிக்குப் பின் இன்னொரு ஏற்பாடு உருவானது. பல இணையதளங்கள் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருந்ததால், பட்டியல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு ஒரு பொது வடிவம் வகுத்தார்கள். 2010 ஹைட்டி நிலநடுக்கத்தில் கூகுள் தொடங்கிய ஆள் தேடும் சேவை அந்த வடிவத்தில்தான் ஓடியது; 2018 கேரள வெள்ளத்திலும் அது இயங்கியது. அதன் நிலைகளை நான் மறுபடி மறுபடி படித்திருக்கிறேன். 'இறந்தார்' என்று ஒரு நிலை அதில் கிடையாது. 'இறந்ததாக நம்பப்படுகிறது', 'உயிரோடிருப்பதாக நம்பப்படுகிறது', 'காணவில்லை என்று நம்பப்படுகிறது' என்று இருக்கும். யார் நம்புகிறார், எப்போது எழுதினார் என்பது குறிப்போடு சேர்ந்தே நிற்கும். இன்னொரு நிலையும் உண்டு: 'குறிப்பை எழுதுகிற நானே அந்த ஆள்'. சிந்துதுர்க்கின் தேவ்கட் கரையிலிருந்து ஒருவர் தன் பெயருக்கு எதிரே இதைக் குறித்தால் போதும், மற்ற எல்லாக் குறிப்புகளும் வலுவிழந்துவிடும். ஒரே ஆளைப் பற்றிய இரண்டு பதிவுகளை அது ஒன்றாக உருக்குவதும் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு நடுவே ஓர் இணைப்பு போடும். பிறகு தவறென்று தெரிந்தால் இணைப்பை மட்டும் வெட்டலாம். எக்செல் தாளில் ஒரு வரியை அழித்துவிட்டால் அதற்குப் பின்னால் இருந்த சாட்சியமும் போய்விடும்.

அரசுக்கு இப்படிப்பட்ட தயக்கம் கட்டுப்படியாகாது. அதற்கு ஓர் எண் வேண்டும். காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள அன்றைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு ஏழாண்டு காத்திருக்கச் சொன்னது. ஒக்கியில் அந்தக் காத்திருப்பு தளர்த்தப்பட்டு குடும்பங்களுக்கு இழப்பீடு வந்தது, நல்லதே நடந்தது. ஆனாலும் நம்பிக்கை எந்தப் புள்ளியில் உறுதியாக மாறுகிறது, அந்தக் கையெழுத்து யாருடையது என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது.

தமிழில் இந்தக் கேள்விக்கு நேர்த்தியான விடை கண்டிருப்பது, பலரும் கவனிக்காத ஓர் இடத்தில்: விக்கிமூலத்தில். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாக வந்த நாட்டுடைமை நூல்களில் ஏறத்தாழ 2000 நூல்கள் 2016 வாக்கில் அங்கே ஏற்றப்பட்டன. வெறும் படங்களாக இருந்த பக்கங்களைக் கூகுளின் எழுத்துணரியில் மொத்தமாகக் கொடுத்து எழுத்தாக மாற்ற த. சீனிவாசன் ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தார். இயந்திரம் தந்த எழுத்தில் பிழை நிறைய இருந்தது. அங்கிருந்து மனித வேலை தொடங்கியது. திரையில் ஒரு பக்கம் அச்சுப்பக்கத்தின் படம், மறுபக்கம் எழுத்து. மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் படித்துத் திருத்தினால் மஞ்சள். இன்னொருவர் மறுபடி படித்து ஒப்பினால் பச்சை. படமே சிதைந்திருந்தால் சிக்கலானது என்று தனி நிறம். மஞ்சளாக்கியவரால் அதே பக்கத்தைப் பச்சையாக்க முடியாது, பொத்தானே தோன்றாது. ஆசிரியர் குழு, துணைவேந்தர், மதிப்புரைஞர் யாரும் இல்லாமல், முகம் பார்த்திராத இரண்டு பேரின் நேர்மையை மட்டும் நம்பி நிற்கும் ஏற்பாடு இது. நம் பல்கலைக்கழக ஆய்வேடுகள் பலவற்றுக்கு இந்த ஒரு விதி இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்ப்பதுண்டு. பாதி இன்னும் சிவப்பில்தான் இருக்கும்.

கல்லூரி மாணவர்களுக்கு இது நல்ல பள்ளிக்கூடம். ஒரு பக்கத்தை மஞ்சளாக்கும் மாணவர் தன் பிழையை வேறொருவர் கண்டுபிடிப்பதை வரலாற்றுப் பக்கத்தில் பார்க்கிறார். மதிப்பெண்ணுக்குப் பதில் அங்கே திருத்தம் கிடைக்கிறது. மூடில் போன்ற வகுப்பறை மென்பொருளிலும் சக மாணவர் மதிப்பிடும் வசதி உண்டு என்றாலும், அங்கே பாடம் முடிந்ததும் வேலையும் முடங்கிவிடுகிறது. விக்கிமூலத்தில் மாணவர் போன பிறகும் பக்கம் நிற்கும்.

இந்த விதி ஏன் வேலை செய்கிறது? உண்மை திரையிலேயே இருப்பதால். அச்சுப்பக்கம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையிலோ டொராண்டோவிலோ இருந்தபடி யாரும் ஒப்பிடலாம். 2007இல் தொடங்கிய கேலக்ஸி சூவிலும் இதே கதைதான்: விண்மீன் மண்டலங்களின் படங்களை லட்சம் பேர் பார்த்து, சுருளா நீள்வட்டமா என்று வகைப்படுத்தினார்கள். ஒரே படத்தைப் பலர் தனித்தனியாகப் பார்த்தார்கள். எந்த விடை மிகுந்ததோ அது நின்றது. கண்ணால் பார்த்து முடிக்கக்கூடிய கேள்விகளுக்குப் பெரும்பான்மை போதும்.

கடலடியில் இருப்பதற்கு அது போதாது. இனயத்துக் கடலில் ஒரு பார் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார் என்பது கடலடிப் பாறைத் திட்டு. மீன் அங்கேதான் அடையும். அது எங்கே இருக்கிறது என்பதைப் பழைய ஆட்கள் கணியம் வைத்துச் சொல்வார்கள். கரையில் அருகே ஒரு கோயில் கோபுரம், அதற்குப் பின்னால் தூரத்தில் மலை முகடு; இரண்டும் ஒரே நேர்கோட்டில் வரும் வரைக்கும் படகை நகர்த்துவது. இன்னொரு திசையில் அதேபோல் இன்னொரு ஜோடி. இரண்டு கோடுகளும் வெட்டுகிற இடம் பார். கருவி இல்லாத முக்கோண அளவை. இது சரிதானா என்று சொல்ல இன்னொரு வள்ளம் போய், அதே கணியத்தைப் பிடித்து, ஈயக்கட்டியை இறக்கி, அடியில் பாறை தட்டுகிறதா என்று கையில் உணர வேண்டும். டொராண்டோக்காரர் உதவ முடியாது. ஐம்பது பேர் ஆமாம் என்று சொன்னாலும், இறக்கிப் பார்த்த ஒருவர் இல்லை என்றால் அவர் பேச்சுக்கே மதிப்பு. மண்ணெண்ணெய்ச் செலவும் ஒரு நாள் தொழிலும் போகும். இங்கே பச்சை நிறத்துக்கு விலை உண்டு.

நேரமும் அப்படியே. திறந்த வரைபடத் திட்டத்தில் பேரிடர்ப் பகுதிகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தன்னார்வலர்களுக்குக் கொடுக்கும் ஒரு பணி மேலாண்மைச் செயலி இருக்கிறது. ஒரு கட்டத்தை எடுத்தால் இரண்டு மணி நேரம் அது உங்களுக்குப் பூட்டப்பட்டிருக்கும். முடிக்காவிட்டால் அடுத்தவருக்குத் திறந்துவிடும். மேசையிலிருந்து செயற்கைக்கோள் படம் பார்த்து வரைகிறவருக்கு அது நியாயம். இந்தக் கரையில் மேற்குக் கடலின் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்; ஆனி ஆடிக் கடலில் சின்ன வள்ளங்களும் பாதி நாள் இறங்காது. ஒரு தகவல் சரிபார்ப்புக்காக மூன்று மாதம் மஞ்சளிலேயே நிற்பது இங்கே சோம்பலின் அடையாளம் ஆகாது. அதைத் தாமதம் என்று சிவப்பு எழுத்தில் நினைவூட்டும் மென்பொருளை ஊர் ஒரே வாரத்தில் கைவிட்டுவிடும்.

அவசரத்தின் விலையை இந்தியா ஏற்கெனவே பார்த்தாயிற்று. 2002 பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். ஊர்க்காரர் சொல்ல, மாணவர் எழுத, அறிஞர் ஒப்பிட என்று மாதவ் காட்கில் போன்றோர் கனவு கண்ட உண்மையான கூட்டாய்வு அது. பல ஆண்டுகள் அசையாமல் கிடந்ததைப் பார்த்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்று கெடு வைத்தது. தவறினால் மாதம் 10 லட்சம் ரூபாய் அபராதம். பிறகு பதிவேடுகள் லட்சக்கணக்கில் முளைத்தன. முடிந்தது என்று குறிக்கும் உரிமை கெடுவைத் துரத்துகிற அலுவலரிடம் இருந்தால், முடிந்தவை எண்ணிக்கையில் பெருகும். அவற்றில் எத்தனையை அந்த ஊரில் யாராவது படித்துப் பார்த்திருப்பார்கள்?

பதிகிறவருக்கே ஆபத்து வருவதும் உண்டு; சுறா அதற்கு உதாரணம். நீரோடி முதல் இரயுமன்துறை வரையிலான தூத்தூர் எட்டு ஊர்கள் சுறாத் தூண்டிலுக்குப் பெயர் போனவை. 2001 ஜூலையில் மத்திய அரசு சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. எதிர்ப்பு வந்ததும் அதே ஆண்டு டிசம்பரில் பத்து இனங்களாகச் சுருக்கியது. 2022 திருத்தத்தில் பட்டியல் மறுபடி நீண்டது. இந்தப் பின்னணியில் ஐநேச்சுரலிஸ்ட் என்ற உலகளாவிய இயற்கைப் பதிவுத் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்கிலியில் மாணவர்கள் 2008இல் தொடங்கியது. யாரோ போட்ட படத்துக்கு மற்றவர்கள் பெயர் சொல்கிறார்கள். அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அது ஆய்வுத் தரம் பெற்று அறிவியல் தரவுக் கிடங்குக்குப் போகிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் தூத்தூர்க்காரர் தன் வலையில் தவறி ஏறிய உழுவை என்ற திருக்கை வகை மீனைப் படமெடுத்துப் போட்டால், உழுவை இனங்கள் சிலவும் இப்போது சட்டப் பட்டியலில் இருப்பதால், அவருடைய அறிவியல் பங்களிப்பே அவருக்கு எதிரான சாட்சியமாகக்கூடும். சுறாவை அடையாளம் காண இந்த மாவட்டத்தில் அவர்களைவிடத் தேர்ந்தவர்கள் கிடைக்க மாட்டார்கள். அந்தத் தேர்ச்சி தளத்துக்கு வராமல் இருப்பதற்கு எழுத்தறிவோ இணையமோ காரணம் என்று நினைப்பது வெளியூர்க்காரரின் சௌகரியம்.

அருகிவரும் இனங்களின் இடத்தை அந்தத் தளம் மறைக்கிறது என்பது உண்மை. 0.2 பாகைக் கட்டத்துக்குள் புள்ளியை எங்கோ சிதறவைக்கும். ஏறக்குறைய 22 கிலோமீட்டர். விலங்கைக் காப்பாற்ற அது உதவும். பதிந்த மனிதரின் பெயர் அப்படியே நிற்கும். பாருக்கும் இதே சிக்கல்தான், இன்னும் கூர்மையாக. கணியம் குடும்பச் சொத்து. மருமகனுக்குக்கூட மெதுவாகத்தான் சொல்வார்கள். அதை ஜிபிஎஸ் எண்ணாகத் திறந்துவிட்டால், அடுத்த பருவத்தில் பெரிய இழுவைப் படகு அங்கே நிற்கும்.

அதே சமயம் மறைத்து வைப்பதற்கும் விலை உண்டு என்பதை இனயம் அறியும். 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை இனயத்தில் பெருந்துறைமுகம் அமைக்கக் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. கடற்கரை கொதித்தது; திட்டம் பின்னர் கோவளத்துக்கும் கீழமணக்குடிக்கும் இடையே நகர்ந்து, அங்கும் எதிர்ப்பைச் சந்தித்தது. இப்படியான ஒவ்வொரு விவாதத்திலும் ஆலோசனை நிறுவனத்தின் கையில் பக்க எண் போட்ட அறிக்கை இருக்கும்; ஊரின் கையில் பேச்சு இருக்கும். பார் எங்கே என்று சொன்னால் பார் போகும். சொல்லாவிட்டால், இங்கே வெறும் மணல்தான் என்று எழுதுகிறவரை மறுக்க முடியாது.

இந்த இரட்டைச் சங்கடத்துக்கு வழி உண்டு. ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக்கில் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து கிம்பர்லி கிறிஸ்டன் என்ற ஆய்வாளர் முகுர்து என்ற மென்பொருளை உருவாக்கினார். எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்பதை அங்கே குடும்பமும் குலமும் மரபும் முடிவு செய்கின்றன; எல்லாருக்கும் திறந்தது, யாருக்கும் மூடியது என்ற இரண்டு நிலையோடு அது நிற்பதில்லை. கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கிறது. அதன் தர்க்கத்தைக் கொஞ்சம் நீட்டினால், இந்தக் கடற்பரப்பில் சரிபார்க்கப்பட்ட பார்கள் இத்தனை, சரிபார்த்த வள்ளங்கள் இத்தனை என்ற கூட்டுத்தொகையை ஊர் வெளியிடலாம். புள்ளிகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். வேண்டுமானால் நீதிமன்றம் மூடிய உறையில் கேட்கட்டும்.

கடலிலிருந்து கரைக்குத் தகவல் வரும் பாதையும் இப்போதுதான் திறக்கிறது. ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ், செயற்கைக்கோள் கொடுக்கும் கடல் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து மீன்வள இடங்களைச் சொல்கிறது, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் நண்பன் செயலி அதைப் போனில் தருகிறது. செல்பேசி அலை கரையோரத்தோடு நின்றுவிடுகிறது. ஒக்கிக்குப் பின் வந்த நாவிக், 2019இல் வந்த ஜெமினி ஆகிய செயற்கைக்கோள் கருவிகள் ஆழ்கடலுக்கு எச்சரிக்கை அனுப்பின. பதில் சொல்ல வழியில்லை. 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுகளுக்கு என்று தொடங்கிய டிரான்ஸ்பாண்டர் திட்டத்தில் படகுக்காரர் திருப்பிச் செய்தி அனுப்ப முடிகிறது. முன்னறிவிப்பு பொய்த்தது, இங்கே அலை வேறு மாதிரி இருக்கிறது என்று கடலிலிருந்து வரும் வரி ஒரு புகாராகப் போய்த் தேங்குமா, சரிபார்ப்பாக எண்ணப்படுமா என்பதைச் சாதனம் முடிவு செய்யாது. பின்னால் இருக்கும் மென்பொருளில் அதற்கென ஒரு நிலை வேண்டும்.

தூத்தூர் புனித யூதா கல்லூரி மாதிரி ஒரு கல்லூரி இப்படியொரு சரிபார்ப்பைப் புதிய மென்பொருள் எதையும் எழுதாமலே தொடங்க முடியும். மாணவர் தன் வீட்டுப் பெரியவரின் பேச்சைப் பதிவு செய்கிறார்: சிவப்பு. இன்னொரு ஊர் மாணவர் எழுத்தாக்கிக் கேட்டுத் திருத்துகிறார்: மஞ்சள். பச்சையை மாணவருக்கும் ஆசிரியருக்கும் கொடுக்கக் கூடாது; பேசியவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும், அல்லது அந்த இடத்துக்குப் போய்வந்த வேறொரு வள்ளத்தார் ஒப்ப வேண்டும். விக்கிமூலத்தின் இரண்டு ஆள் விதியை எடுத்துக்கொண்டு, இரண்டாவது ஆள் யார் என்பதை மட்டும் மாற்றினால் போதும். பேசியவர் பிடிக்கவில்லை என்றால் பச்சையைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். இதை ஆய்வு நெறிக் குழுக்கள் ஒப்புக்கொள்ளும். தரவுக் கிடங்கு வைத்திருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள்.

மிச்சமிருப்பது பணமும் கடவுச்சொல்லும். இப்படிப்பட்ட திட்டங்கள் மூன்று ஆண்டு நிதியில் பிறக்கின்றன. நான்காம் ஆண்டு சர்வர் வாடகையை யார் கட்டுவது, நிர்வாகக் கணக்கின் சாவி ஆய்வாளரோடு வேறு ஊருக்குப் போய்விடுமா, பங்கு நிர்வாகக் குழுவிடம் இருக்குமா, மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்குமா என்று முதல் நாளே எழுதி வைத்த திட்டம் எதையும் நான் பார்த்ததில்லை. பங்கிடம் கொடுத்தால் கோயிலுக்கு வராதவர் வெளியே நிற்பார். சங்கத்திடம் கொடுத்தால் தேர்தலுக்குத் தேர்தல் கை மாறும். கல்லூரியிடம் கொடுத்தால் அது கல்லூரியின் சொத்தாகிவிடும். மூவரிடமும் ஆளுக்கொரு சாவி, எந்த இருவர் சேர்ந்தாலும் திறக்கலாம் என்று வைப்பது தொழில்நுட்பத்தில் எளிது. மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் வேலையை எந்த நிரலும் செய்து தராது; திட்ட நிதியில் முதல் ஆண்டுச் செலவாக அதைத்தான் எழுத வேண்டும்.